நத்தைக்காரர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கத்தி

கமாவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. மற்றபடி யாருக்கும் ஞாபகம் இல்லை. பயிர்ப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் தட்டச்சராகச் சேர்ந்த இரண்டாம் மாதம், பேராசிரியர் எழுதிக் கொடுத்த கட்டுரையில் ஒரு கமாவைக் காணோம் என்று தாளைத் திருப்பி எடுத்துப் போய் அவர் மேஜையிலேயே வைத்தாள். நேற்று வந்தவளுக்கு வாயைப் பார் என்று எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். "இந்த இடத்துல கமா இல்லேன்னா மருந்து அடிச்சது புழுவுக்கா, அடிச்ச ஆளுக்கான்னு தெரியலை சார்" என்றாள். பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தெரியத்தான் இல்லை. அன்றைக்கு விழுந்த பெயர், இருபத்தாறு வருஷமாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவள் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் அந்த நிலையத்திலிருந்து ஒரு கட்டுரை வெளியே போக வேண்டுமென்றால் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆராய்ச்சி செய்வது ஒரு வேலை. அதை நல்ல ஜர்னலில் ஏற்றுவது தனி வேலை. ஒரு ஜர்னலுக்கு மேற்கோள் பட்டியலில் வருஷம் அடைப்புக்குள் வர வேண்டும், இன்னொன்றுக்கு வரவே கூடாது. ஒன்று படத்தை நடுவில் கேட்கும், இன்னொன்று எல்லாப் படத்தையும் கொண்டுபோய்க் கடைசியில் கொட்டச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிப்புத்தகம். டாக்டர் பட்டம் வாங்கியவர்களெல்லாம் இந்தப் படிக்கட்டில் தடுக்கி விழுவார்கள்; கமா கண்ணை மூடிக்கொண்டு ஏறுவாள். பஸ் ஓட்டும் அவள் கணவர், "ஊருக்கெல்லாம் கமா வைக்கிறவளுக்கு நான்தான் முற்றுப்புள்ளி" என்பார். அந்த ஜோக்குக்கு இதுவரை அவர் மட்டும்தான் சிரித்திருக்கிறார்.

இவளுக்கு அண்ணன் முறை கொண்டாடியவர் நத்தைக்காரர். கூடப் பிறந்தவர் அல்ல, வேலைக்கு வந்த இடத்தில் வாய்த்தவர். அவர் நிலையத்தின் களப்பணியாளர். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காய்கறிப் பாத்திகளில் பதினான்கு வருஷமாய் நத்தை எண்ணியவர். "நத்தையை எண்ண ஒரு ஆளா? அது எங்கே ஓடிப்போகப் போகுது?" என்று கேட்காத ஆள் கிடையாது. அவரும் சளைக்காமல், "ஓடாததை எண்றதுதான் கஷ்டம், ஒரே ஆள நாலு தரம் எண்ணிருவோம்" என்று பதில் சொல்வார்.

அதற்கு அவர் கண்ட வழி இது. பிடித்த நத்தையின் ஓட்டில் ஒரு பொட்டு வெள்ளை மை வைப்பார். காய்ந்ததும் அதன் மேல் கறுப்புப் பேனாவால் ஒரு எண் எழுதுவார். திரும்பக் கொண்டுபோய்ப் பாத்தியில் விட்டுவிடுவார். அடுத்த வாரம் பிடிபடுவதில் எத்தனைக்கு எண் இருக்கிறது என்று பார்த்தால் மொத்தம் எத்தனை என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த வெள்ளை மை வேறொன்றுமில்லை, தட்டச்சுப் பிழையை மறைக்கும் வொயிட்னர்தான். கம்ப்யூட்டர் வந்தபிறகு கமாவுக்கு அதன் தேவை போய்விட்டது. ஆனாலும் அவருக்காகவே எழுதிக் கேட்டு வாங்கி வைப்பாள். கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ரப்பர் செருப்பைச் சளக் சளக்கென்று இழுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

"வெள்ளை மருந்து இருக்கா தங்கச்சி?"

"அண்ணே, இது தப்பை மறைக்கக் குடுத்தது. நத்தைக்குப் பொட்டு வைக்க இல்ல."

"நானும் தப்பா எண்ணிரக் கூடாதுன்னுதானே வைக்கிறேன். ரெண்டும் ஒண்ணுதான், குடு."

செத்த நத்தைக்கு அவர் நோட்டில் ஒரு குறி உண்டு. கூட்டல் குறி மாதிரி, ஆனால் கீழ்க்கால் நீளம். பார்க்கக் குத்தி நிறுத்திய சின்னக் கத்தி போலவே இருக்கும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பதற்கெல்லாம் அந்தக் குறியைப் போடுவார். மழை பெய்ததும் அதில் சிலது எழுந்து நடந்து வரும். அப்போது அவர் போட்ட குறியை அழிக்க மாட்டார். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் "வந்துட்டான்" என்று எழுதுவார். அவ்வளவுதான். பதினொரு நோட்டு நிறைய இப்படி.

ஒரு நாள் பேராசிரியர் வேறு எதையோ தேடி அந்த நோட்டுகளைப் புரட்டியவர், "வந்துட்டான்"களை எண்ண ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. செத்துவிட்டதாக ஊரெல்லாம் கணக்கு வைத்திருந்ததில் மூன்றில் ஒன்று சாகவில்லை, தூங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொய்க் கணக்கை நம்பித்தான் எல்லாரும் வயலுக்கு மருந்து அளந்துகொண்டிருந்தார்கள். பேராசிரியர் இரண்டு வருஷம் உட்கார்ந்து அதைக் கட்டுரையாக எழுதினார். அந்தத் துறையில் எல்லோரும் பெயரைச் சொன்னாலே நிமிர்ந்து உட்காரும் ஜர்னலுக்கு அனுப்பினார்கள். மூன்று முறை திரும்பி வந்தது. முதல் தடவை அட்டவணை சரியில்லை, இரண்டாம் தடவை கணக்கு போதாது, மூன்றாம் தடவை தரவை நேரில் எடுத்தது யார் என்று கேள்வி. நாலாம் தடவை ஏற்றுக்கொண்டார்கள்.

பேராசிரியர் முன்கோபி, ஆனால் அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். "அவர் நோட்டு இல்லேன்னா எனக்கு ஏது கட்டுரை? ரெண்டு பேருக்கும் சம பங்குன்னு போட்டுடு, கமா" என்றார். களப்பணியாளர் ஒருவர் பேர் பேராசிரியருக்குச் சமமாக அச்சில் வருவது அந்த நிலையத்தில் அதற்கு முன்னால் நடந்ததில்லை. நன்றி சொல்லும் பகுதியில் கடைசி வரியில் போடுவார்கள், அதுவும் கமா ஞாபகப்படுத்தினால்.

சம பங்கு என்றால் இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஒரே குறி வர வேண்டும். கீழே, "இவ்விருவரும் சமமாகப் பங்களித்தவர்கள்" என்று அடிக்குறிப்பு. கமா அச்சில் † என்று வரும் கத்திக்குறியைப் போட்டாள். அவள் அதுவரை வேலை பார்த்த அத்தனை ஜர்னலிலும் அதற்கு அந்த அர்த்தம்தான். இந்த ஜர்னலின் விதிப்புத்தகம் அறுபத்திரண்டு பக்கம். அறுபத்தோரு பக்கத்தை வரி விடாமல் படித்தாள். கடைசிப் பக்கத்தில் குறிகளின் பட்டியல் ஒன்று இருந்தது. குறிகளில் தனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்கிறார்கள்; யானை விழுந்தால் அடியில் யார் சிக்கினார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அச்சுக்கு முன் சரிபார்க்கும் ப்ரூஃப் வந்த காலை, பேராசிரியர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். முதல் பக்கம், இரண்டு பெயர், இரண்டு கத்தி. கீழே அவள் எழுதிய அடிக்குறிப்பைக் காணோம். அந்த ஜர்னலில் கத்திக்குறிக்கு ஒரே அர்த்தம். அதை அவர்கள் இயந்திரமே போட்டிருந்தது: "காலமானார்."

"என்னடி இது!" பேராசிரியர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் யாரோ எதையோ கீழே போட்டார்கள். "நான் செத்துட்டேனா? எடு! முதல்ல எடு! இது வெளிய போனா என் மானம் என்ன ஆகுறது? எடுன்னா எடேன்!"

அந்த நேரம் பார்த்துக் கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. நத்தைக்காரர் வொயிட்னர் கேட்க வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கமா அவரைத் திரும்பிப் பார்த்தபோது, "சாரோடதை முதல்ல பாரு தங்கச்சி, பாவம்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைத் தானே அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

ப்ரூஃபில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பெட்டி. பேராசிரியர் தலைக்கு மேலே கத்திக்கொண்டே இருக்க, அவள் அவர் பெயருக்கான பெட்டியில் "குறியை நீக்கவும், ஆசிரியர் உயிருடன் உள்ளார்" என்று அடித்தாள். அனுப்பு என்றார், அனுப்பினாள். பதறாத காரியம் சிதறாது என்று பாடம் பண்ணி வளர்ந்தவள்தான். ஒரு முறை அனுப்பினால் அந்த ஜர்னலில் கதவு சாத்திவிடும், மறுபடி திறக்காது. அவர் அறையை விட்டுப் போய், காதில் இரைச்சல் அடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒருவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை அப்படியே படுக்கையில் விட்டிருந்தாள்.

உடனே எடிட்டருக்குக் கடிதம் எழுதினாள். வெளியான பிறகு திருத்த அறிவிப்பு போடலாம், அதற்குச் சில வாரம் ஆகும் என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் கட்டுரை வெளியாகிவிட்டது, நத்தைக்காரர் காலமானவராக.

அவர் என்ன செய்தார் என்றால், அதைப் பன்னிரண்டு பிரதி எடுத்தார். ஒன்றைப் பாத்தியோரக் கொட்டகைக் கதவில் ஒட்டினார். வருகைப் பதிவேட்டில் தன் கையெழுத்துக்கு முன்னால் பென்சிலால் "காலஞ்சென்ற" என்று எழுதினார். அட்டெண்டர் ஏதாவது வேலை சொன்னால், "செத்தவனை வேலை வாங்குறியே, உனக்கு ஈவிரக்கம் இல்லையா?" என்பார். கமா மட்டும் சிரிக்கவில்லை. அவளைத் தேடி வந்து, "விடு தங்கச்சி. நான் எத்தனை பேருக்குக் கத்தி போட்டிருக்கேன், பாதிப் பேரு எழுந்து வரலையா? அச்சுல செத்தவனுக்கு ஆயுசு கெட்டி" என்று தேற்றினார்.

கட்டுரை வெளியான பதினொன்றாவது வாரம், மழை விட்ட ஒரு காலையில், பாத்தி ஓரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தார். மடியில் நோட்டு. பேனா மூடி திறந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள், ரொம்ப நாளாகவே இதயத்தில் கோளாறு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது கமாவின் காதுக்குள் போனது, நெஞ்சுக்குள் போகவில்லை. துக்க வீட்டுக்குப் போனவள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, உள்ளே கால் வைக்க முடியாமல் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் கை அலமாரிக்குப் போய்விடும், வொயிட்னரை எடுக்க. எடுத்த பிறகுதான் யாருமில்லை என்று தெரியும். கதவு இரண்டு முறை தட்டப்பட்டால் "வாங்கண்ணே" என்று வாய் முந்திக்கொள்ளும். நுழைகிற கடைநிலை ஊழியன் முகம் வெளுத்து நிற்பான். நிலையத்தில் பேச்சும் கிளம்பியது. சிலருக்குக் கருநாக்கு என்பார்கள், சொன்னது பலித்துவிடும். கமாவுக்குக் கருங்கை என்றார் அட்டெண்டர். தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்து கட்டுரை கொண்டுவந்த இளம் விஞ்ஞானி, "அக்கா, என் பேர் பக்கத்துல எந்தக் குறியும் வேண்டாம், கமா கூட வேண்டாம்" என்று நெளிந்தார். அவரிடம் சிரிப்பு இல்லை.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது மழை. அவள் அறை தரைத்தளம். ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் பாத்தி. நத்தைக்காரர் போன ஐந்தாம் நாள் பகலில் ஒரு மழை பெய்து நின்றது. தட்டச்சிலிருந்து தலை தூக்கினாள். ஜன்னல் கண்ணாடியில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டில் வெள்ளைப் பொட்டு. அதன் மேல் 347. அவருடைய ஏழு, நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. செத்தவர் கையெழுத்து, அவள் கண்ணெதிரே, அங்குலம் அங்குலமாக மேலே போனது. அடுத்த மழைக்கு 112 வந்தது. அதற்கடுத்து இரண்டு சேர்ந்து வந்தன. இவள் அலமாரியிலிருந்து போன வொயிட்னர் ஒவ்வொன்றாக இவள் ஜன்னலுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நத்தைன்னா சுவர் ஏறத்தானே செய்யும்" என்றார் கணவர். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"இருட்டுல இல்லீங்க. பட்டப்பகல்ல. நம்பர் போட்டு வருது."

அன்றைக்கு அந்த முற்றுப்புள்ளி ஜோக்கை அவர் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் ஜர்னலிலிருந்து திருத்த அறிவிப்பின் ப்ரூஃப் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் கமா எழுதிக் கேட்டது, இப்போது பக்கமாகி நின்றது: "இரண்டாம் ஆசிரியர் காலமானதாகத் தவறுதலாகக் குறிக்கப்பட்டுள்ளது. அவர் உயிருடன் உள்ளார். இரு ஆசிரியர்களும் சமமாகப் பங்களித்தவர்கள்." இரண்டு நாளைக்குள் பேராசிரியர் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் திருத்தம் கைவிடப்படும், பழைய பக்கமே நிரந்தரம்.

கமா அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். பேராசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விட்டுடு."

"சார்?"

"உயிரோட இருக்கார்னு இப்ப எப்படிப் போடுறது? முன்னாடி தப்பா இருந்தது, இப்ப அதுவே சரியாயிடுச்சு. இதைத் திருத்தினாத்தான் தப்பு."

"உயிரோட இருக்கார்ங்கிற வரியை எடுத்துடலாம் சார். சம பங்குங்கிறது..."

"கமா, போதும். விட்டுடுன்னு சொன்னேன்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை; அதுதான் கொடுமை. அவள் போட்ட தப்பு தானாகவே சரியாகிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவள் செய்த எந்தத் திருத்தமும் இவ்வளவு சுத்தமாக அமைந்ததில்லை. இனி அந்தக் கட்டுரை பேராசிரியருடையது, கூட ஒரு காலமானவர். பதினான்கு வருஷம் மழையில் குனிந்து எண்ணியதற்கு அவ்வளவுதான்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நத்தைக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று போனாள். அந்த அம்மா வாசலுக்கு வந்து, "கமாதானே? அவர் சொல்லிச் சொல்லி உன் முகம் எனக்குப் பழக்கம். அன்னிக்கு வாசலோட போயிட்டியாமே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

உள்ளே சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே சுவரில் கண்ணாடிச் சட்டம். அதற்குள் அந்தக் கட்டுரையின் முதல் பக்கம்.

"பார்த்தியா? அச்சுல வந்த அன்னிக்கே சட்டம் போட்டுக் கொண்டாந்து மாட்டினாரு" என்றாள் அவர் மனைவி. "எனக்கு அந்தப் பாஷை படிக்கத் தெரியாது. ஆனா அவர் விரல் வச்சுக் காட்டினாரு. இதோ, பேர் பக்கத்துல கத்தி மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு சாரோட சமம்னு அர்த்தமாம். சும்மா யாருக்கும் போட மாட்டாங்களாம். தங்கச்சிதான் போட்டுக் குடுத்தான்னு சொன்னாரு. துக்கத்துக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் நான் காட்டினேன்."

பதினொரு வாரம் அந்த மனிதர் தன் மரண அறிவிப்புக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நிலையத்தில் சிரிப்புக்கு ஒரு அர்த்தம், வீட்டுக்கு வேறு அர்த்தம். பெண்டாட்டி பயந்துவிடக் கூடாது என்று பொய் சொன்னார் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது பொய் அல்ல. கமா அந்தக் குறியைப் போட்டபோது அதற்கு அந்த அர்த்தம்தான். சொல்ல வந்ததைச் சொல்லாமல், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா அழறே?"

"ஒண்ணுமில்ல அண்ணி. அவர் நோட்டு ஒண்ணு குடுப்பீங்களா? ரெண்டு நாள்ல திருப்பித் தரேன்."

மறுநாள் காலை நோட்டோடு பேராசிரியர் அறைக்குள் போனாள், கதவைத் தட்டாமல். ஒரு பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள். வரிசையாய் எண்கள், கத்திகள், வட்டம் போட்ட கத்திகள், வந்துட்டான், வந்துட்டான்.

"அவர் எதையும் அழிக்கலை சார். பக்கத்துல எழுதினார். நாமும் அதையே செய்யலாம். கட்டுரை வந்த நாள்ல உயிரோட இருந்தார், அப்புறம் காலமானார், ரெண்டு பேருக்கும் சம பங்கு. மூணும் உண்மை. ராத்திரியே எடிட்டருக்கு எழுதிக் கேட்டுட்டேன், சம்மதிச்சுட்டாங்க. நீங்க ஒப்புதல் குடுத்தாப் போதும்."

"சம பங்குக்கு என்ன குறி?"

"ரெட்டைக் கத்தி சார். ஒண்ணுக்கு மேல ஒண்ணு குறுக்குக் கோடு."

"அது யார் யார் பேர்ல வரும்?"

"ரெண்டு பேர்லயும்தான். சமம்னா..."

பேராசிரியர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அப்போதுதான் கமாவுக்கு விளங்கியது. மனிதர் பங்கைப் பிடுங்கப் பார்க்கவில்லை, பயந்து போயிருக்கிறார்.

"ஒத்தைக் கத்திக்கே ஒரு ஆளைக் காணோம்" என்றார். குரல் பிசிறியது. "ரெட்டைக் கத்தியை என் பேர் பக்கத்துல கொண்டுவந்து நிறுத்துறேங்கிறே. சிரிக்காதே. நான் படிச்சவன்தான். எல்லாம் தெரியும். ஆனா ரெண்டு பேர் பேர்ல இருந்தது, என் பேர்ல எடுத்தோம், அவர் போயிட்டார். எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நினைச்சியா? போன வாரம் கார்க் கண்ணாடியில ஒண்ணு. நம்பர் 58."

கமா சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"நானும் அதைத்தான் தினமும் நினைக்கிறேன் சார். ஆனா கத்தி யாரையும் கொல்லலை. நான் செஞ்ச தப்பு வேற. நீங்க கத்தினீங்க, உங்க கத்தி போச்சு. அவர் கத்தலை, அவர் கத்தி அப்படியே நின்னுடுச்சு. அவ்வளவுதான் நடந்தது."

ஜன்னலுக்கு வெளியே யாரோ பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு பக்கம் புரட்டினார்.

"அன்னிக்கு நான் சத்தம் போட்டப்ப அவர் எங்கே இருந்தார்?"

"கதவுக்கிட்ட நின்னுட்டிருந்தார் சார். வெள்ளை மருந்துக்கு வந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். 'சாரோடதை முதல்ல பாரு தங்கச்சி, பாவம்'னு சொன்னார்."

"பாவம்னா சொன்னார்?"

"ஆமாம் சார்."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய கணக்கில் நுழைந்து ஒப்புதல் அழுத்துவதெல்லாம் எப்போதும் கமாவின் வேலை. கடவுச்சொல் அவருக்கே ஞாபகம் இருக்காது. அன்றைக்கு அவளிடம் அதைக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தானே அடித்து, தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த இரட்டைக் கத்தியை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, தன் விரலாலேயே அழுத்தினார். அழுத்திய விரலை உடனே எடுத்துக்கொண்டார், சூடு பட்டவர் மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. நன்றி என்று திரையில் வந்தது.

திருத்தம் வெளிவர மூன்று வாரம் ஆனது. திருத்திய முதல் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கமா அந்த வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்வதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சட்டத்துக்குள் இருக்கும் கத்திக்கு அந்த ஜர்னலில் என்ன அர்த்தம், அது எப்படி வந்தது, யாருடையதை முதலில் எடுத்தாள், யாரை மறந்தாள், எல்லாம். அவர் மனைவி கடைசி வரை கேட்டாள். எழுந்து போய்ச் சட்டத்தின் முன்னால் நின்றாள். முந்தானையால் கண்ணாடியை ஒரு தரம் துடைத்தாள்.

"அப்ப இதுக்குக் கீழதான் தினமும் உக்காந்து சாப்பிட்டாரா?"

"ஆமாம் அண்ணி."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சேதான்."

"எமகாதகன்" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று கமாவுக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. "புதுசுல என்ன இருக்கு? காட்டு."

கமா தாளை மேஜையில் வைத்து விரலால் தொட்டுக் காட்டினாள். "அண்ணன் பேர் பக்கத்துல இப்ப ரெண்டு இருக்கு. இது ரெட்டைக் கத்தி, சாரோட சமம்னு அர்த்தம். இந்த முறை நிஜமாவே அதான் அர்த்தம், கீழே எழுதியும் இருக்கு. இன்னொண்ணு, ஒத்தைக் கத்தி..."

"போயிட்டார்னு."

"ஆமாம்."

"சார் பேர்ல எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதான். அந்த ரெட்டைக் கத்தி மட்டும்."

அவர் மனைவி சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். பின்பலகையைக் கழற்றி, பழைய தாளை எடுக்காமல், அதன் முன்னால் கண்ணாடியை ஒட்டிப் புதிய தாளைச் செருகி, பலகையைத் திரும்பப் பொருத்தினாள். ஆணியில் மாட்டி, கோணல் இல்லாமல் நிமிர்த்தி, இரண்டடி தள்ளி நின்று இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப சாரைவிட எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு கூட" என்றாள்.